கார்கி நாயின் சரியான எடை எது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்கி வளர்ப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் சீக்கிரமே வந்துவிடும் கேள்வி, "உங்களுடையது எத்தனை கிலோ?" பதிலைக் கேட்டதும் ஒருவர் நிம்மதி அடைவார், இன்னொருவர் கவலைப்படுவார். பெரும்பாலும் இரண்டுக்குமே அந்த எண் போதாது. நாயின் உடம்பு மாறுகிறதா என்பதைத்தான் எடை மெஷின் சொல்லும். இப்போது அது குண்டா, ஒல்லியா, சரியா என்பதைக் கையால் தொட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கீழே உள்ள பதில்கள் எல்லாம் ஏதோ ஒரு விதத்தில் இதைச் சுற்றியே வருகின்றன.

வளர்ந்த கார்கி எத்தனை கிலோ இருக்க வேண்டும்?

எந்தக் கார்கி என்று முதலில் பார்க்க வேண்டும். வேல்ஸில் மாடு மேய்க்க வளர்க்கப்பட்ட இந்தக் குட்டைக்கால் நாய்களில் பெம்ப்ரோக், கார்டிகன் என்று இரண்டு இனங்கள் உண்டு. நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமைப்பான பிரிட்டனின் கென்னல் கிளப் 1934-ல் இரண்டையும் தனித்தனி இனங்களாகப் பிரித்தது. எலிசபெத் அரசி வளர்த்தது பெம்ப்ரோக். கார்கி என்றதும் பலர் மனதில் வரும் படமும் அதுதான்.

பெம்ப்ரோக்கின் தோள்வரை உயரம் 25 முதல் 30 செ.மீ. பிரிட்டிஷ் இனத்தரக் குறிப்பு ஆணுக்கு 10 முதல் 12 கிலோ, பெண்ணுக்கு 9 முதல் 11 கிலோ என்கிறது. அமெரிக்கக் கென்னல் கிளப் கொஞ்சம் தாராளம். ஆண் சுமார் 12.2 கிலோ, பெண் சுமார் 11.3 கிலோ இருந்தால் நல்லது என்றும், ஆண் 13.6, பெண் 12.7 கிலோவைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. ஒரே இனம்தான், ஆனால் லண்டனில் "கொஞ்சம் அதிகம்" என்று சொல்லப்படும் நாய் நியூயார்க்கில் சரியான எடையில் இருக்கும்.

கார்டிகன் எலும்பு கனமான நாய். அமெரிக்கக் கணக்கில் ஆண் 13.6 முதல் 17.2 கிலோ வரை, பெண் 11.3 முதல் 15.4 கிலோ வரை இருக்கலாம். பிரிட்டிஷ் குறிப்பு கார்டிகனுக்குக் கிலோ கணக்கே தருவதில்லை, உடல் அளவுக்குப் பொருத்தமாக இருந்தால் போதும் என்று விட்டுவிடுகிறது. எனக்குக் கேட்டால் இரண்டில் அதுதான் புத்திசாலித்தனமான குறிப்பு.

இன்னொன்று. இவையெல்லாம் நாய்க் கண்காட்சி நடுவர்களுக்காக எழுதப்பட்டவை. உங்கள் வீட்டு நாய் அதற்குள் அடங்கவில்லை என்பதாலேயே அதற்கு நோய் என்று ஆகிவிடாது.

எங்களுடையது பெம்ப்ரோக்கா, கார்டிகனா என்றே தெரியவில்லையே?

வால் இருந்தால் கார்டிகன், இல்லாவிட்டால் பெம்ப்ரோக் என்று சொல்வார்கள். அதை முழுதாக நம்ப வேண்டாம். பெம்ப்ரோக்கில் சில பிறக்கும்போதே குட்டை வாலோடு பிறக்கும், மற்றவற்றுக்குக் குட்டியிலேயே வாலை வெட்டுவது வழக்கமாக இருந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அழகுக்காக வால் வெட்டுவது 2007 முதல் தடை செய்யப்பட்டிருப்பதால் நீள வால் பெம்ப்ரோக்குகள் இப்போது சாதாரணம். காதைப் பாருங்கள். கார்டிகனின் காது பெரியது, நுனி உருண்டிருக்கும். அதன் முன்னங்கால் பாதங்கள் லேசாக வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். சந்தேகம் தீராவிட்டாலும் பரவாயில்லை, கீழே வரும் கைச் சோதனை இரண்டுக்கும் ஒன்றுதான்.

என் ஆண் பெம்ப்ரோக் 14 கிலோ. குண்டு என்று முடிவு செய்துவிடலாமா?

சந்தேகப்படலாம், முடிவு செய்ய முடியாது. பெற்றோர் இருவரும் பெரிய சட்டகம் உள்ள நாய்களாக இருந்து, தோள் உயரம் 31, 32 செ.மீ. வந்து, எலும்பும் பருமனாக இருந்தால் 14 கிலோவிலும் அது மெலிந்த நாயாகவே இருக்கலாம். அதேபோல 11 கிலோவில் அளவுக்கு மீறிக் கொழுத்த சின்னச் சட்டகக் கார்கியும் உண்டு. அதன் உரிமையாளருக்குத்தான் ஆபத்து அதிகம். "11 கிலோதானே, புத்தகத்தில் இருப்பது போலத்தானே இருக்கிறது" என்று அவர் தொட்டுப் பார்க்காமலே இருந்துவிடுவார்.

கையால் எப்படிப் பார்ப்பது?

நாயைத் தரையில் நேராக நிற்க வையுங்கள். உட்கார்ந்த நாயையும் படுத்த நாயையும் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. உட்கார்ந்தால் எல்லாக் கார்கிக்கும் தொப்பை வரும்.

முதலில் விலா எலும்பு. பின்னால் நின்றுகொண்டு இரண்டு உள்ளங்கைகளையும் மார்பின் இரு பக்கமும் வைத்து, அழுத்தாமல் முன்னும் பின்னும் தடவுங்கள். விலா ஒவ்வொன்றும் தனித்தனியாக விரலில் தட்டுப்பட வேண்டும். தேடி அழுத்தினால்தான் கிடைக்கிறது என்றால் மேலே கொழுப்பு இருக்கிறது.

எந்த அளவு தட்டுப்பட வேண்டும் என்பதற்கு உங்கள் கையே அளவுகோல். முஷ்டியை மடக்கி விரல் முட்டிகளின் மேல் மறு கை விரலை ஓட்டிப் பாருங்கள். விலா அப்படிக் கரடுமுரடாக இருந்தால் நாய் ஒல்லி. கையை விரித்து, புறங்கையில் விரல்கள் தொடங்கும் இடத்துக்குக் கீழே தடவுங்கள். எலும்பு தெரிகிறது, ஆனால் மேலே மெல்லிய போர்வை இருக்கிறது அல்லவா, அதுதான் சரியான அளவு. இப்போது கையைத் திருப்பி உள்ளங்கையில் விரலடி மேட்டை அழுத்துங்கள். விலா அப்படி மெத்தென்று இருந்தால் எடை கூடுதல்.

அடுத்து இடுப்பு. நாயின் நேர் மேலே நின்று முதுகைக் குனிந்து பாருங்கள். மார்புக்கூடு முடிந்த இடத்திலிருந்து பின்பக்கம் போகும்போது உடம்பு கொஞ்சம் உள்வாங்க வேண்டும். பெம்ப்ரோக்கின் இனத்தரக் குறிப்பிலேயே மேலிருந்து பார்த்தால் உடல் லேசாகக் குறுகி வர வேண்டும் என்று இருக்கிறது. தோள் முதல் வால் வரை அம்மிக் குழவி மாதிரி ஒரே உருளையாக இருந்தால் எடை கூடிவிட்டது என்று அர்த்தம். கிரேஹவுண்டுக்கு இருப்பது போன்ற ஒடிந்த இடுப்பைக் கார்கியிடம் எதிர்பார்க்காதீர்கள்.

பக்கவாட்டில் பார்க்கும்போதுதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். கார்கிக்கு மார்பு ஆழம், கால் குட்டை. அதனால் மார்பே தரைக்குப் பக்கத்தில் இருக்கும், அதைத் தொப்பை என்று நினைத்துக்கொள்வார்கள். பார்க்க வேண்டியது மார்பை அல்ல, மார்பு முடிந்தபிறகு வயிற்றுக் கோடு எப்படிப் போகிறது என்பதை. பின்னங்காலை நோக்கி அது சற்றே மேலேறினால் சரி. நேராகப் போனாலோ தொங்கினாலோ கவனிக்க வேண்டும்.

கடைசியாக வால் தொடங்கும் இடம், இடுப்பெலும்பின் மேல்பகுதி. அங்கே கொழுப்பு திட்டுத் திட்டாகக் கையில் பிடிபட்டால் எடை நன்றாகவே ஏறியிருக்கிறது.

டாக்டர் "ஒன்பதுக்கு ஏழு" என்று எழுதினார். அது என்ன?

உடல்நிலை மதிப்பெண். டாட்டி லாஃப்ளாம் என்ற கால்நடை ஊட்டச்சத்து நிபுணர் உருவாக்கி 1997-ல் வெளியிட்ட 1 முதல் 9 வரையிலான அளவுகோல் இது. இப்போது உலகம் முழுக்க மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். இதில் மதிப்பெண் கூடினால் சந்தோஷப்பட ஒன்றும் இல்லை. 4-ம் 5-ம் தான் சரியான நிலை. 3-ம் அதற்குக் கீழும் ஒல்லி, 6 என்றால் கொஞ்சம் கூடுதல், 7 என்றால் நன்றாகவே கூடுதல், 8, 9 என்றால் உடல் பருமன்.

5-க்கு மேலே ஒவ்வொரு எண்ணுக்கும் சுமார் 10 முதல் 15 சதவீதம் கூடுதல் எடை என்று எடுத்துக்கொள்ளலாம். 15 கிலோ நாய்க்கு 7 மதிப்பெண் என்றால் அது 20 முதல் 30 சதவீதம் கூடுதல். 15-ஐ 1.2-ஆலும் 1.3-ஆலும் வகுத்தால் 12.5, 11.5 என்று வரும். ஆக அந்த நாய் ஏறக்குறைய 12 கிலோவில் இருக்க வேண்டியது. இனத்தரப் பட்டியலைவிட உங்கள் நாய்க்கு இதுதான் நெருங்கிய கணக்கு, ஏனென்றால் இது அதன் சொந்த உடம்பிலிருந்து வருகிறது.

இவ்வளவு ரோமத்துக்குள் இடுப்பு எங்கே தெரியப்போகிறது?

குளிப்பாட்டும் நாளில் பாருங்கள். முழுதாக நனைந்து ரோமம் ஒட்டியதும் உண்மையான உருவம் தெரிந்துவிடும். கார்கிக்கு இரண்டு அடுக்கு ரோமம், அதிலும் பின்பக்கம் அரைக்கால் சட்டை போட்டது போல அடர்ந்திருக்கும். நீளமுடிக் கார்கி என்றால் கேட்கவே வேண்டாம். முடி கொட்டும் பருவத்தில் "இளைத்துவிட்டதே" என்று பயந்து சாப்பாட்டைக் கூட்டுபவர்கள் இருக்கிறார்கள். கொட்டியது அடிமுடி மட்டும்தான்.

எடையைப் பார்ப்பதற்காகவோ வெயிலுக்காகவோ ரோமத்தை மழித்துவிட வேண்டாம். வாரி விட்டாலே போதும்.

ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ கூடுதலாக இருந்தால் என்ன பெரிய விஷயம்?

12 கிலோ நாய்க்கு ஒரு கிலோ என்பது அதன் எடையில் 8 சதவீதத்துக்கு மேல். 70 கிலோ மனிதருக்கு அது கிட்டத்தட்ட 6 கிலோ. ஒன்றரைக் கிலோ என்றால் 9 கிலோ. நாயின் எடையை மனிதக் கிலோவாக நினைத்துக்கொள்வதால்தான் இந்தக் கேள்வியே வருகிறது.

கார்கிக்கு இது மற்ற நாய்களைவிடக் கூடுதலாகப் பொருந்தும். நீள முதுகு, குட்டைக் கால். இந்த மாதிரி குட்டைக்கால் இனங்களில் முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள டிஸ்க் சின்ன வயதிலேயே ஈரப்பதம் இழந்து கெட்டிப்படத் தொடங்குகிறது. அது பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்தினால் வலியில் ஆரம்பித்துப் பின்னங்கால் செயலிழப்பு வரை போகலாம். மெலிந்த கார்கிக்கு டிஸ்க் நோய் வரவே வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் வந்துவிட்டால், கனமான நாயைத் தேற்றி எழுந்து நடக்க வைப்பது வீட்டாருக்கும் நாய்க்கும் பெரும் பாடு. இடுப்பு மூட்டுக் கோளாறும் இந்த இனத்தில் உண்டு. மூட்டு வலிக்கும் நாய்க்கு ஒவ்வொரு கிலோவும் வலியோடு சேர்ந்த சுமை.

ஆயுள் விஷயத்தில் ஒரு பழைய ஆய்வு இன்னமும் பேசப்படுகிறது. 48 லாப்ரடார்களை ஒரே ஈற்றுக் குட்டிகளாக ஜோடி சேர்த்து, ஒன்றுக்கு அதன் ஜோடி சாப்பிட்டதைவிட 25 சதவீதம் குறைவாகக் கொடுத்து, வாழ்நாள் முழுக்கக் கவனித்தார்கள். 2002-ல் வந்த முடிவின்படி குறைவாகச் சாப்பிட்ட நாய்களின் இடைநிலை ஆயுள் 13 வருடம், மற்றவற்றுக்கு 11.2 வருடம். மூட்டுத் தேய்மானமும் மெலிந்தவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. ஆய்வை நடத்தியது ப்யூரினா என்ற நாய் உணவு நிறுவனம். உணவு விற்பவர்களே குறைத்துப் போடுங்கள் என்று சொன்னால் கொஞ்சம் காது கொடுக்கலாம். அதில் ஒல்லியாக இல்லாத நாய்கள்கூடப் பெருத்துப் போனவை இல்லை, நாம் "கொஞ்சம் புஷ்டி" என்று சொல்லும் அளவுதான்.

கார்கி என்றாலே உருண்டையாக இருந்தால்தானே அழகு?

இன்ஸ்டாகிராமுக்கு அழகு. மாட்டின் குதிகாலைக் கடித்துவிட்டு அதன் உதை படாமல் விலகிக்கொள்ளத் தெரிந்த நாய் இது. அந்தச் சுறுசுறுப்புதான் இனத்தின் அடையாளம், தொப்பை அல்ல.

வீட்டிலேயே எடை பார்க்கலாமா?

தாராளமாக. நாயைத் தூக்கிக்கொண்டு மெஷினில் ஏறி நில்லுங்கள், அப்புறம் நீங்கள் மட்டும் ஏறுங்கள், கழித்துக்கொள்ளுங்கள். தூக்கும்போது ஒரு கை மார்புக்குக் கீழே, இன்னொரு கை பின்பக்கத்துக்குக் கீழே இருக்கட்டும், முதுகு தரைக்குச் சமமாக இருக்க வேண்டும். அக்குளில் பிடித்துக் குழந்தை மாதிரி தூக்குவது கார்கியின் முதுகுக்கு ஆகாது.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, காலைச் சாப்பாட்டுக்கு முன், அதே மெஷினில், மெஷின் அதே தரையில். வேறு வேறு மெஷினில் பார்த்தால் அரைக் கிலோ வித்தியாசம் சர்வ சாதாரணமாக வரும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. தினமும் பார்ப்பதும் வேண்டாம், ஒரு கிண்ணம் தண்ணீர் குடித்தாலே எண் மாறும்.

மாதம் ஒருமுறை மேலிருந்து ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். தினம் பார்க்கும் கண்ணுக்குத் தெரியாத மாற்றம் ஆறு மாதப் படங்களைப் பக்கத்தில் வைத்தால் தெரியும்.

எவ்வளவு சாப்பாடு போட வேண்டும்? கணக்கு ஏதாவது உண்டா?

உண்டு. சும்மா படுத்திருக்கும் நாய்க்கு ஒரு நாளைக்குத் தேவையான கலோரியைக் கணக்கிட, எடை × எடை × எடை என்று பெருக்கி, இரண்டு முறை வர்க்கமூலம் எடுத்து, 70-ஆல் பெருக்க வேண்டும். போனில் உள்ள கால்குலேட்டரே போதும். 12 கிலோ என்றால் 12 × 12 × 12 = 1728. வர்க்கமூலம் 41.57. மறுபடி வர்க்கமூலம் 6.45. அதை 70-ஆல் பெருக்கினால் சுமார் 450 கலோரி. இங்கே போட வேண்டியது நாய் இருக்க வேண்டிய எடையை, இப்போது இருக்கும் எடையை அல்ல.

கருத்தடை செய்த வளர்ந்த நாய்க்கு இதை 1.6-ஆல் பெருக்கச் சொல்லும் பாடப்புத்தகம். அடுக்குமாடி வீட்டில் சோபாவுக்கும் பால்கனிக்கும் நடுவே வாழும் கார்கிக்கு அது அதிகம். 1.2 முதல் 1.4 வரை வைத்துத் தொடங்குவது நல்லது. அதாவது 540 முதல் 630 கலோரி. உலர் உணவுப் பையில் 100 கிராமுக்கு எத்தனை கலோரி என்று அச்சிட்டிருப்பார்கள். 360 என்று இருந்தால் நாளைக்கு 150 முதல் 175 கிராம்.

கிராமில் சொல்வதற்குக் காரணம் உண்டு. டம்ளரால் அளந்து போட்டால் தலைதட்டிப் போடுபவர் ஒருவர், குவித்துப் போடுபவர் ஒருவர். சமையலறைத் தராசு இருந்தால் அதில் நிறுத்துப் போடுங்கள். கணக்கு ஒரு தொடக்கம் மட்டுமே. ஒரு மாதம் கழித்துக் கையும் மெஷினும் என்ன சொல்கின்றனவோ அதை வைத்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கொஞ்சமாகத்தான் சாப்பிடுகிறது, ஆனாலும் எடை ஏறுகிறதே?

தட்டில் போடுவது கொஞ்சமாக இருக்கலாம். தட்டுக்கு வெளியே கிடைப்பதை யாரும் எண்ணுவதில்லை.

ஒரு மேரி பிஸ்கட் ஏறக்குறைய 25 கலோரி. காலைக் காபியோடு அப்பா இரண்டு, சாயங்காலம் அம்மா இரண்டு கொடுத்தால் 100 கலோரி ஆகிவிட்டது. 600 கலோரி போதும் என்றிருக்கும் நாய்க்கு அது ஆறில் ஒரு பங்கு, நமக்கு ஒரு வேளை டிபன் கூடுதலாகச் சாப்பிட்ட கணக்கு. ஒரு தேக்கரண்டி நெய் 45 கலோரி. "ரோமம் பளபளக்க" என்று சோற்றில் விடும் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி 120. அவித்த முட்டை ஒன்று 75. மாத்திரையை ஒளித்துக் கொடுக்கும் சீஸ் துண்டுக்கும் கணக்கு உண்டு. பயிற்சிக்காகக் கொடுக்கும் ட்ரீட்டும் சேர்த்துத்தான்.

இப்படி வெளியே கொடுப்பதெல்லாம் சேர்ந்து நாள் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் அளவு. கார்கிக்கு அது 55, 60 கலோரி. இரண்டு மேரி பிஸ்கட்டோடு முடிந்தது. அதற்குப் பதிலாக வெள்ளரித் துண்டு, அவித்த பீன்ஸ், கேரட் கொடுத்தால் பல தடவை கொடுக்கலாம். நாய்க்கு எண்ணிக்கைதான் கணக்கு, அளவு அல்ல. ஒரு பிஸ்கட்டை நாலாக உடைத்து நாலு முறை கொடுத்தால் நாலு முறையும் வால் ஆடும். வாலில்லாவிட்டால் பின்பக்கமே ஆடும்.

கலோரியைவிடப் பெரிய ஆபத்தும் நம் சமையலில் இருக்கிறது. பாயசத்திலும் கேசரியிலும் போடும் உலர் திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. வெங்காயமும் பூண்டும் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும், சாம்பார் சாதம் அதனால்தான் கூடாது.

தாத்தாவும் பாட்டியும் கொடுப்பதை எப்படி நிறுத்துவது?

நிறுத்த முடியாது. காலையில் அன்றைய உணவை நிறுத்து எடுக்கும்போது அதில் ஒரு பங்கைச் சின்ன டப்பாவில் போட்டுப் பாட்டியிடம் கொடுத்துவிடுங்கள். நாள் முழுக்க அவர் விருப்பப்படி அதிலிருந்து கொடுக்கட்டும். டப்பா காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான்.

சைவ வீடு, தயிர்சாதம்தான் போடுகிறோம். அதில் எடை ஏறுமா?

ஏறும். நாய்க்குச் சோறு செரிக்கும், அதில் சிக்கல் இல்லை. சிக்கல் என்னவென்றால் தயிர்சாதத்தில் மாவுச்சத்து அதிகம், புரதம் குறைவு, பல தாதுக்களும் வைட்டமின்களும் போதாது. வயிறு நிரம்பி, உடம்பு கொழுத்து, தொடையில் தசை இல்லாத நாயாகிவிடும். எடை மெஷின் "சரி" என்று சொல்லும், பின்னங்காலில் கை வைத்தால் உண்மை தெரியும். வயிற்றுப்போக்கு சமயத்தில் இரண்டு நாள் கொடுப்பது வேறு. அதையே வருடக்கணக்கில் முழு உணவாக வைப்பதாக இருந்தால் ஊட்டச்சத்து தெரிந்த மருத்துவரிடம் கேட்டுச் சமன் செய்துகொள்ள வேண்டும்.

எடையைக் குறைக்க வேண்டும். எவ்வளவு வேகமாகக் குறைக்கலாம்?

வாரத்துக்கு உடல் எடையில் 1 முதல் 2 சதவீதம். 15 கிலோ நாய் வாரம் 150 முதல் 300 கிராம் குறையலாம். 12-க்கு வர மூன்று மாதம் முதல் ஐந்து மாதம் பிடிக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பட்டினி போட்டால் வேகமாகக் குறையும், ஆனால் கொழுப்போடு தசையும் கரைந்துவிடும். முதுகைத் தாங்கிப் பிடிப்பதே அந்தத் தசைதான்.

இலக்கு எடைக்கான ஓய்வுக் கலோரியோடு நிறுத்துவது வழக்கமான தொடக்கம். 12 கிலோ இலக்கு என்றால் 450. கொஞ்சம்தான் குறைக்க வேண்டும் என்றால் வழக்கமான உணவிலேயே அளவைக் குறைத்துச் சமாளிக்கலாம். நிறையக் குறைக்க வேண்டும் என்றால் சாதாரண உணவைப் பாதியாக்குவது சரிவராது, கலோரியோடு சேர்ந்து புரதமும் தாதுக்களும் பாதியாகிவிடும். எடை குறைப்புக்கென்றே புரதமும் நார்ச்சத்தும் கூட்டிய உணவுகள் உண்டு, மருத்துவர் சொல்லி வாங்குங்கள். பையில் "லைட்" என்று போட்டிருப்பதெல்லாம் அந்த வகை அல்ல.

பசிக்கிறது என்று பார்க்கும் அந்தக் கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். கார்கி சாப்பாட்டுக்கு உயிரை விடும் நாய், வயிறு நிறைந்த பிறகும் அப்படித்தான் பார்க்கும். நாள் உணவை மூன்று வேளையாகப் பிரிப்பது, உருட்டினால் ஒன்றொன்றாக உதிரும் பந்தில் போட்டுக் கொடுப்பது இரண்டும் உதவும்.

நடக்கக் கூட்டிப்போனாலே இளைத்துவிடாதா?

சாப்பாட்டைக் குறைக்காமல் இளைக்காது. நடை தசையைக் காப்பாற்றும், மனதையும் சரியாக வைக்கும், அதனால் கட்டாயம் வேண்டும். ஆனால் அரைமணி நேரம் நடந்து எரித்த கலோரியை வீட்டுக்கு வந்ததும் கொடுக்கும் இரண்டு ட்ரீட் ஈடுகட்டிவிடும்.

குண்டாக இருக்கும் நாயை முதல் நாளே ஓடவிடாதீர்கள். சமதரையில், கயிற்றோடு, பத்துப் பதினைந்து நிமிடம் போதும். படிக்கட்டும், சோபாவிலிருந்து குதிப்பதும் எடை இறங்கும்வரை தள்ளி வையுங்கள். நம் ஊர் வெயிலில் இன்னும் கவனம் வேண்டும். நாய் மூச்சிரைத்துத்தான் உடல் வெப்பத்தைப் பெரும்பாலும் வெளியேற்றுகிறது, கொழுப்பு அடுக்கு அந்த வெப்பத்தை உள்ளேயே பிடித்து வைக்கும். சென்னையில் மே மாதம் என்றால் சூரியன் வருவதற்கு முன் நடையை முடித்துவிடுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்குக்கூடத் தார் ரோடு சுடும். புறங்கையை வைத்துப் பாருங்கள், உங்களுக்குப் பொறுக்காத சூடு அந்தப் பாதத்துக்கும் பொறுக்காது. கார்கியின் வயிறு வேறு அந்த ரோட்டுக்கு ஒரு சாண் உயரத்தில்தான் போகிறது.

கருத்தடை செய்தால் குண்டாகிவிடும் என்கிறார்களே?

கருத்தடைக்குப் பிறகு கலோரித் தேவை குறைகிறது, பசி கூடுகிறது. கால் பங்குக்கு மேல்கூடத் தேவை குறையலாம். ஆகவே ஆபரேஷன் முடிந்து தையல் ஆறியதுமே அளவைக் குறைத்துவிட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடை பாருங்கள். "பாவம், ஆபரேஷன் ஆன குழந்தை" என்று அந்த மாதத்தில் கொடுக்கும் கூடுதல் ஊட்டம்தான் பல கார்கிகளின் எடை ஏற்றத்துக்குத் தொடக்கம்.

குட்டிக்கு எத்தனை கிலோ இருக்க வேண்டும்?

மாத வாரியாக இத்தனை கிலோ என்று சொல்லும் பட்டியல்களை நான் நம்புவதில்லை. ஒரே ஈற்றுக் குட்டிகளே வெவ்வேறு வேகத்தில் வளரும். குட்டி தன் போக்கில் சீராக ஏறுகிறதா என்று பார்ப்பதே சரி. வால்தம் ஆய்வு மையம் உருவாக்கிய குட்டி வளர்ச்சி வரைபடங்கள் அதற்குத்தான் இருக்கின்றன, எதிர்பார்க்கும் பெரிய வயது எடைக்கு ஏற்ற படத்தை எடுத்துக் குறித்துக்கொண்டே வரலாம். கோடு திடீரென்று மேலே தாவினாலும் படுத்துவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கார்கி ஒரு வயதுக்குள் கிட்டத்தட்ட முழு உயரம் வந்துவிடும், மார்பு நிறைந்து உடம்பு கட்டுவதற்கு இன்னும் பல மாதம் ஆகும். அந்த இடைப்பட்ட காலத்தில் ஒல்லிக்குச்சியாகத் தெரிவது இயல்பு. விலாவும் வயிறும் சரியாக இருந்தால் அதை நிரப்பப் பார்க்க வேண்டாம். குட்டிக்கு உடம்பு இளைத்து வயிறு மட்டும் உருண்டு இருந்தால் பூச்சியாக இருக்கலாம். நல்ல குட்டி உணவு கொடுக்கும்போது தனியாகக் கால்சியம் டானிக் வேண்டியதில்லை, எலும்பு வளர்ச்சியை அதுவே கெடுக்கலாம்.

வயதான கார்கி, எடை மாறவே இல்லை. நிம்மதியாக இருக்கலாமா?

அவசரப்பட வேண்டாம். வயதாக ஆகத் தசை கரையும், அந்த இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொண்டால் கிலோ அப்படியே நிற்கும். முதுகெலும்பின் இரு பக்கம், தோள்பட்டை, பின்தொடை, தலை உச்சி ஆகிய இடங்களைத் தடவிப் பாருங்கள். எலும்பு துருத்திக்கொண்டு, வயிற்றில் மட்டும் சதை இருந்தால் உணவைக் குறைப்பது தீர்வு அல்ல. புரதம் போதுமா, மூட்டு வலியால் நடை குறைந்துவிட்டதா, வேறு நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்னங்கால் பாதத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டு, வலியில்லாமலே தடுமாறி நடந்தால் அது பெம்ப்ரோக்கில் காணப்படும் தண்டுவடச் சிதைவு நோயின் தொடக்கமாக இருக்கலாம். அங்கே தசை குறைவதற்குச் சாப்பாடு காரணமே அல்ல.

எப்போது வீட்டு வைத்தியத்தை விட்டுவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்?

அளந்து போட்டும் எடை ஏறிக்கொண்டே இருந்தால், கூடவே சோம்பலும் ரோமம் மெலிவதும் இருந்தால் தைராய்டு சோதனை தேவைப்படலாம். தண்ணீர் அதிகம் குடித்து, அதிகம் சிறுநீர் கழித்து, வயிறு மட்டும் தொங்கினால் ஹார்மோன் கோளாறாக இருக்கலாம். ஸ்டீராய்டு மருந்து சாப்பிடும் நாயும் இப்படித்தான் ஆகும். நன்றாகச் சாப்பிட்டும் இளைத்தால் பூச்சி, சர்க்கரை நோய், சிறுநீரகம் என்று பல காரணங்கள் இருக்கின்றன. சில மணி நேரத்தில் வயிறு உப்பி, வாந்தி வராமல் குமட்டினால் இரவானாலும் உடனே ஓட வேண்டும், அது எடைப் பிரச்சினையே இல்லை. பின்னங்கால் திடீரென்று இழுத்தாலும் அப்படியே, தூக்கும்போது முதுகை வளைக்காமல் ஒரு பலகையில் வைத்துக் கொண்டுபோங்கள்.

சாதாரணமாகத் தடுப்பூசிக்குப் போகும்போதும் ஒரு வேலை செய்யலாம். கிலோவை மட்டும் எழுதி அனுப்பாமல், பக்கத்தில் ஒன்பதுக்கு எத்தனை என்ற மதிப்பெண்ணையும் தசை நிலையையும் எழுதித் தரச் சொல்லுங்கள். அவர் விலாவைத் தொட்டுப் பார்க்கும்போது நீங்களும் அதே இடத்தில் கை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.